அம்மோனியா போகும் திசை

கோவில்பட்டியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏலே, அங்கன உக்காராத. இங்கிட்டு வா."

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் நீல நிறக் கவரால் உடுப்பு, தலையில் மல்லிகைப்பூ, கையில் பாதி தின்ற கடம்பூர் போளி. அவர்தான் எங்கள் அலுவலகத்தின் மூத்த பொறியாளர் இசக்கிச்செல்வி. நான் எழுந்து போனதும், டீ போடுகிற பித்தளை பாய்லரைக் கண்ணால் காட்டினார்.

"அந்த மூடி தெறிச்சா நேரா ஒன் மூஞ்சிக்குத்தான் வரும். எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாரு."

டீ மாஸ்டர் சிரித்தார். "யம்மா, எங்கய்யா காலத்துப் பாய்லரு. இதுவரைக்கும் வெடிக்கல."

"இதுவரைக்கும் வெடிக்காததுதான் அண்ணாச்சி வெடிக்கும். வெடிச்சிருந்தா அதை அப்பமே பழைய இரும்புக்குப் போட்டிருப்பிய."

மறுநாள் அந்த பெஞ்சு கடையின் இன்னொரு மூலைக்குப் போயிருந்தது. மாஸ்டர் வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. பெருக்குவதற்கு வசதியாக இருக்கிறதாம்.

இசக்கியக்காவின் அப்பா சோலைமுத்து மணியாச்சி பக்கம் ரயில் பாதையில் வேலை பார்த்தவர். அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவர். அக்கா பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தபோது வகுப்பில் பெண்கள் ஒரு பெஞ்சு கூட நிறையவில்லை. படித்து முடித்து, ஆலைகளில் இரும்பின் கனத்தை அளக்கும் வேலைக்கு வந்தார். தேய்ந்த குழாய், துருப்பிடித்த தொட்டி, நூற்பாலை பாய்லர், எண்ணெய் ஆலைக் கொதிகலன் என்று எல்லாவற்றிலும் ஏறி, மீட்டரின் முனையை வைத்து, இரும்பு இன்னும் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பி.இ. முடித்தார். ஏணி ஏறுவதற்குக் கம்பெனி கொடுத்த கவரால் ஆண்களின் அளவில் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் விஜயராஜ் புதியம்புத்தூரில் ரெடிமேடு துணி தைக்கிறவர். அந்த உடுப்பை முழுக்கப் பிரித்துப்போட்டு, அக்காவின் அளவுக்குத் தைத்து, மீட்டர் வைக்கத் தொடையில் ஒரு பையும் வைத்துக் கொடுத்தார். பிறகு மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். இப்போது விஜயராஜுக்கு அது ஒரு தனி வியாபாரம்.

"எங்க வீட்டுல குக்கர் விசிலடிச்சா இவ எந்திரிச்சு நிப்பா. அடுத்த வீட்டுல அடிச்சா வாசலுக்கே ஓடிருவா" என்பார் அவர்.

நான் எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எனக்கு இன்னும் ஆசைதான். ஆனால் பொறியாளர் என்ற சொல்லுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இசக்கியக்காவைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு இயந்திரத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்போம். உடையுமா? உடைந்தால் யாருக்கு என்ன ஆகும்? இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் எதை முதலில் சோதிப்பது, எதை எப்போது திறந்து பார்ப்பது என்று முடிவு செய்கிறோம். முதல் கேள்விக்கு மீட்டரே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கணிப்பொறியில் விடை எடுத்துவிடலாம். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் எடுக்கிறார்கள். இசக்கியக்கா நடந்து போய் எடுப்பார்.

சென்ற மாசி மாதம் அஃப்ஜல் பாயின் குளிர்பதனக் கிடங்குக்கு எங்களை அழைத்தார்கள். காப்பீட்டுக்காரர்கள் கேட்டிருந்த சோதனை அது. அஃப்ஜல் பாயின் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து வத்தல் வியாபாரம் செய்கிறது. ஊருக்கு வெளியே கரிசல் காட்டின் நடுவில், மிளகாய் வத்தல் மூட்டைகளை வைக்கப் பெரிய கிடங்கு கட்டியிருக்கிறார். உள்ளே வரிசையாகக் குளிர் அறைகள். குளிரூட்டுவது அம்மோனியா. அந்த அம்மோனியாவைத் திரவமாகச் சேர்த்து வைக்கும் பெரிய இரும்பு உருளையை ரிசீவர் என்பார்கள். அது மேற்குச் சுவரை ஒட்டிப் படுத்துக் கிடந்தது.

அக்கா அதன் மேல் மீட்டரை வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார். ஓரிடத்தில் துரு கொஞ்சம் தின்றிருந்தது. பயப்படும்படி இல்லை. "சீக்கிரம் உடையாது" என்றார்.

மெஷின்காரர் கொம்பையா நிமிர்ந்து நின்றார். அவருடைய கம்ப்ரஸர் அறையின் தரையில் சோறு கொட்டி எடுத்துத் தின்னலாம். அப்படி வைத்திருப்பார்.

"உடையாதுல்லா தாயி? நான் பெத்த புள்ள மாதிரி பாக்குதேன்."

"புள்ளைய நல்லாத்தான் வளத்திருக்கிய. ஆனா ஒருநா கோவிச்சுக்கிட்டு வெளிய போச்சுன்னா எந்தப் பக்கம் போவும்?"

அந்தக் கேள்விக்கான விடையைக் கணிப்பொறியில் போட்டவன் நான். இவ்வளவு அம்மோனியா, இந்த அழுத்தம், மாலையில் கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று. படத்தில் ஒரு நீண்ட சுரைக்காய் விழுந்தது. காம்பு ரிசீவரில், உடம்பு மேற்கே நீண்டு கிடந்தது. அந்தச் சுரைக்காய்க்குள் இருப்பவர்களுக்குக் கண் எரியும், மூச்சு அடைக்கும். கிட்டத்தில் இருந்தால் பிழைப்பது கஷ்டம். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் வெறும் தரிசாகவும் ஒரு சிமெண்டுத் தளமாகவும் தெரிந்தது. வீடு ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, வாயுக் கசிவுக்கென்று கிடங்கில் ஒரு சங்கு இருந்தது. சங்கு இருந்தால் ஆட்கள் விலகிவிடுவார்கள் என்று கணக்கில் பாதிப்பு இன்னும் குறையும். ஆக, பாதிப்பு குறைவு. ரிசீவரைத் திறந்து பார்ப்பதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

"ஆளே இல்லையாம்லா?" என்றார் அக்கா.

"படத்துல இல்லக்கா."

"படம் எப்பம் எடுத்தது?"

"தேதியப் பாத்தா ஐப்பசிக்கா."

"இப்பம் மாசி. வா, பாத்துட்டு வருவோம்."

மேற்குச் சுவரில் ஒரு சின்ன கதவு இருந்தது. அதைத் திறந்தவுடன் கண் கூசியது. அத்தனை சிவப்பு! பிற்பாடு கிடங்கைப் பெரிதாக்குவதற்கென்று அஃப்ஜல் பாய் போட்டு வைத்திருந்த சிமெண்டுத் தளம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நடுநடுவே ஒற்றையடிப் பாதை விட்டு, வீட்டுக்கு வீடு தனித்தனிப் பாத்தியாகப் பரப்பியிருந்தார்கள். பழைய சேலைகளைக் கம்பில் கட்டி நிழல் போட்டிருந்தார்கள். ஒரு நிழலுக்குள் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள், கிழவர்கள், மிளகாயைப் புரட்டுகிறவர்கள், ஆட்டை விரட்டுகிறவர்கள் என்று ஒரு சின்ன ஊரே அங்கே இருந்தது.

கரிசல் மண்ணில் மிளகாயைக் காயப்போட முடியாது. கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு வத்தலை விழுங்கிவிடும். ஒரு தூறல் விழுந்தால் மண் பசையாகிவிடும், ஒட்டியது ஒட்டியதுதான். அதனால் எங்கள் பக்கத்தில் சிமெண்டுத் தரை என்பது பெரிய சொத்து. அஃப்ஜல் பாய் அந்தத் தளத்தைச் சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கு வாடகை இல்லாமல் விட்டிருந்தார். அவருடைய வாப்பா காலத்திலும் வீட்டுக் களத்தை அப்படித்தான் விட்டார்களாம்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயர் பாண்டிச்செல்வி. குத்தகை நிலத்தில் மிளகாய் போட்டவள். வீட்டுக்காரன் திருப்பூரில். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யக்கா, இது என்ன உடுப்பு? கரண்டு ஆபீசா?"

"இல்லட்டி. அந்தச் சுவருக்கு அங்கிட்டு ஒரு இரும்பு கெடக்குல்லா, அதைப் பாக்க வந்திருக்கேன்."

"அங்கன பாக்காம இங்கன எதுக்கு வந்திய?"

"அது உடைஞ்சா நீ எங்க இருப்பன்னு பாக்க வந்தேன்."

பாண்டிச்செல்வி கையை உதறினாள். "நல்ல வாய்க்கா ஒனக்கு! பச்சப்புள்ள கெடக்க எடத்துல."

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அது வாயுக் கசிவுச் சங்கு. தளத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். கையைக் கழுவினார்கள். பெண்கள் தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லோருமாகச் சேர்ந்து கிடங்கின் மேற்குச் சுவரை நோக்கி நடந்தார்கள். அங்கே லாரிக்காக இறக்கிய தகரச் சாய்ப்பு இருந்தது. அதன் கீழ் நல்ல நிழல், தண்ணீர்க் குழாய் வேறு. வரிசையாக உட்கார்ந்து, ரிசீவர் படுத்திருந்த அதே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மூடியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"நீங்களும் வாங்கக்கா. சங்கு ஊதியாச்சுல்லா" என்று கூப்பிட்டாள் பாண்டிச்செல்வி.

இசக்கியக்கா அசையவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சோறு தின்கிற கூட்டத்தை இல்லை. சுவர் இல்லாமல், உருளையையும் முதுகுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கொம்பையாவிடம் போய்க் கேட்டோம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சங்கு வேலை செய்யுதான்னு தெனம் உச்சிக்கு ஊதிப் பாப்பேன் தாயி. ஒருநா தப்புனதில்ல. இவியளுக்கும் சோத்து நேரம் தெரிஞ்ச மாதிரி ஆச்சு."

"அண்ணாச்சி, நெசமாவே கேஸ் கசிஞ்சாலும் இதே சங்குதான?"

"ஆமா."

"அப்பம் இவிய என்ன செய்வாவ?"

"நேரம் தப்பி ஊதுனா வெவரம் புரிஞ்சுக்கிட மாட்டாவளா?"

"நாளைக்குப் பாப்போம்."

அன்று இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் ரிசீவரின் மட்டக் கண்ணாடியை அக்கா காட்டினார். கிட்டத்தட்ட மேல்வரை நிறைந்திருந்தது. வத்தல் மூட்டை வருவதற்கு முந்திய மாதங்களில் குளிர் அறைகள் காலியாகக் கிடக்கும். அவற்றில் ஓடுகிற அம்மோனியாவை எல்லாம் இழுத்து ரிசீவரில் சேர்த்துவிடுவார்கள். அதாவது, உருளை நிறைந்திருக்கும் மாதமும் தளம் நிறைந்திருக்கும் மாதமும் ஒன்றே. மிளகாய் தளத்தில் காய்வதால் அறை காலி. அறை காலியாக இருப்பதால் உருளை நிறைவு. கிடங்கு, காடு, காற்று, அறுவடை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.  எனக்கு வந்தது பயமா வியப்பா என்று கேட்டால் இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை, வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, அக்கா சைகை காட்டக் கொம்பையா சங்கை ஊதினார். நாங்கள் தளத்து ஓரத்தில் நின்றோம்.

ஒரு கிழவர் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். "என்னல இது, பொழுது இன்னும் ஏறலியே."

"கொம்பையாவுக்கு இன்னைக்குப் பசி முந்திருச்சு போல" என்றாள் ஒருத்தி.

"அவர் பொண்டாட்டி நேத்து ராத்திரி சோறு போடலியோ என்னமோ."

சிரிப்பு பரவியது. சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார்கள். தூக்குச்சட்டிகளோடு சுவரை நோக்கி நடந்தார்கள். தூரத்தில் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களும் பின்தங்கிவிடக் கூடாதென்று வேகமாக வந்தார்கள்.

கொம்பையா கதவருகே நின்று பார்த்தார். சங்குப் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்துபோய் அப்படியே நின்றார். "நானா கூப்பிடுதேன்? எமனுக்குப் பந்தி வைக்க நானா கூப்பிடுதேன்?" என்றார். அக்கா போய் அவருடைய கையைப் பொத்தானிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

என் கணக்கில் சங்குக்காகப் பாதிப்பில் குறைத்திருந்ததை நான் அன்று அடித்துவிட்டேன். அக்கா அதைக் கூட்டச் சொன்னார். சங்கு ஆளை விலக்கவில்லை, சேர்க்கிறது என்றால் அதைக் கூட்டத்தானே வேண்டும்? இப்படி ஒரு கூட்டலை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. பாதிப்பு, பட்டியலின் மேல் முனைக்குப் போய் நின்றது.

அஃப்ஜல் பாய் விவரம் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இப்படிப்பட்ட செய்தி கூடுதலாக வலிக்கும்.

"புண்ணியத்துக்குக் குடுத்த எடம் மேடம். அதுல இப்படியா?" என்றார். பிறகு நிமிர்ந்தார். "சரி. இன்னைக்கே களத்தைப் பூட்டிருதேன். ஆளு இல்லன்னா பாதிப்பு இல்லைல்லா? பழையபடி குறைவுன்னு போட்டுக்கிடுங்க."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆட்களை எடுத்துவிட்டால் சுரைக்காய்க்குள் யாரும் இல்லை.

சொல் காற்றைவிட வேகமாகத் தளத்துக்குப் போய்விட்டது. பாண்டிச்செல்வி சின்ன கதவு வழியாக உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை, உள்ளங்கை முழுக்க மிளகாய்ச் சிவப்பு.

"யக்கா, நீ என்னத்தப் பாக்க வந்த? என் வயித்தப் பாக்க வந்தியா?"

"ஏட்டி, கொஞ்சம் பொறு."

"என்னத்தப் பொறுக்க? பழம் இன்னும் பாதிகூடக் காயல. அள்ளிட்டுப் போயி எங்க கொட்ட? கரிசல்லயா? மேக்க மேகம் கட்டுது பாரு. ஒரு மழை பட்டுதுன்னா அம்புட்டும் வெள்ளை விழுந்து சண்டாப் போவும். சண்டு வத்தலை இதே பாய்தான் வேண்டாம்பாரு. வருஷம் முச்சூடும் நான் குனிஞ்சு பறிச்சது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த இரும்பு உடைஞ்சாத்தான் நாங்க சாவோமா? நீ பூட்டுனாலும் அதுதான்."

அஃப்ஜல் பாய் தரையைப் பார்த்தார். நான் கணிப்பொறியைப் பார்த்தேன். இசக்கியக்கா வெளியே நடந்தார். கதவைத் தாண்டி, தளத்தைத் தாண்டி, மேற்கே போகிற தார் ரோடு வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்று திரும்பிக் கிடங்கைப் பார்த்தார். பிறகு ரோட்டோடு வடக்கே நடந்து, ஓடைக்கரை வரை போனார். தெற்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெயிலில் அந்த நீல உடுப்பு கரிசல் காட்டில் சின்னதாக ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சின்ன கதவருகே நின்று பார்த்தேன். பாண்டிச்செல்வியும் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் வெயிலில் கருத்திருந்தது. நேராக அஃப்ஜல் பாயிடம் வந்தார்.

"பாய், களத்தைப் பூட்டுனா இவிய மிளகாய எங்க காயப் போடுவாவ?"

"வேற எங்க... ரோட்டுலதான்."

"ரோடு எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் மேற்கே திரும்பிப் பார்த்தார். 

"அதே காத்துலதான் இருக்கு. கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். கூடவே லாரி வேற. நீங்க பூட்டுனா என் தாள்ல ஆள் இருக்க மாட்டாவ. காத்துல இருப்பாவ. அப்படி ஒரு தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்பம் என்னதான் செய்ய மேடம்? கேஸ் இல்லாம கிடங்கு ஓட்ட முடியுமா?"

"இப்பம் எந்தக் கிடங்கு ஓடுது? அறை எல்லாம் காலி. வத்தல் இன்னும் இவிய களத்துல கெடக்கு. அது காஞ்சு மூட்டையாகி உள்ள வாரதுக்குள்ள ரிசீவர்ல இருக்கதுல பெரும் பங்கை வெளிய எடுத்துருவோம். கேஸ் சப்ளை பண்ணுதவங்களே காலி சிலிண்டரோட வந்து எடுத்து, அவிய கிட்டங்கியில வச்சிருந்து, சீசன் தொடங்கையில திருப்பிக் குடுப்பாவ. மிச்சத்தை அறைக் குழாய்ல நிப்பாட்டி உருளையைக் காலியாக்கிட்டா அந்தத் துரு தின்ன எடத்தையும் தொறந்து பாத்துரலாம். சில வருஷம் கழிச்சு கிடங்கை நிறுத்திப் பாக்க வேண்டியதை, சும்மா இருக்கப்பமே முடிச்சிரலாம்."

அஃப்ஜல் பாய் கன்னத்தைத் தடவினார். வியாபாரி இல்லையா, கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.

"பாதியை எடுத்தாப் போதாதா?"

"பாதிப் பேரு மட்டும் செத்தாப் போதுமா பாய்?"

"யா அல்லா, இந்தப் பொம்பளைகிட்ட நான் பேரம் பேசக் கூடாது" என்றார் அவர் என்னைப் பார்த்து. ஆனால் கைபேசியை எடுத்துவிட்டார்.

அந்த வாரமே சிலிண்டர் லாரி வந்தது. அது நடந்து முடியும் வரைக்கும் பகலெல்லாம் தளத்துக்காரர்களை ஓடைக்கரைக்கு அனுப்பியிருந்தோம். மிளகாயைப் புரட்டக் காலையும் மாலையும் மட்டும் வந்து போனார்கள். உருளையின் மட்டம் கண்ணாடியில் கண்ணெதிரே இறங்குவதைக் கொம்பையா பக்கத்தில் நின்று பார்த்தார். துரு தின்ற இடத்தையும் அப்போதே திறந்து பார்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் திரும்ப உருளைக்குள் விட்டோம். கணிப்பொறியில் நான் மறுபடி போட்டபோது, அந்தச் சுரைக்காய் சுருங்கிச் சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு பிஞ்சாக நின்றது. எத்தனையோ படம் போட்டிருக்கிறேன். ஒரு ஆளின் நடை ஒரு படத்தை இப்படிச் சுருக்கி நான் பார்த்ததில்லை.

பிஞ்சும் சுவரைத் தாண்டித்தான் இருந்தது. அதனால் சாய்ப்பில் உட்காருவதை நிறுத்த வேண்டும். சங்கையும் சரிசெய்ய வேண்டும். அதுதான் பெரிய பாடாக இருந்தது. தண்ணீர்க் குழாயை வடக்குப் பக்கத்துக்கு மாற்றி, அங்கே தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டார்கள். சோற்று நேரத்துக்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுத் தட்டுவது என்று முடிவானது. விஜயராஜ் சிவப்புத் துணியில் ஒரு நீண்ட பை தைத்துக் கொடுத்தார். அதைக் கம்பத்தில் கட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதென்று அது காட்டும். சங்கு இனிமேல் தினமும் ஊதாது. ஊதினால் ஓட வேண்டும்.

"எங்கிட்டு ஓட?" என்றாள் பாண்டிச்செல்வி. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"அந்தப் பை பறக்குத பக்கம் ஓடாத. காத்துக்குக் குறுக்க ஓடு. ஓடைக்கரைக்கு. முந்தானைய நனைச்சு மூக்குல வச்சுக்கோ."

"மிளகாய?"

"மிளகாய விட்டுட்டு."

"ஆடு தின்னா?"

"தின்னட்டும்."

"சொல்லுவ நீ. ஒன் மிளகாயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அலுவலகத்துக்குத் திரும்பும்போது ஜீப்பில், "ஏலே, அவ ஓட மாட்டா. மிளகாயத் திரும்பிப் பாப்பா. ஒரு நொடி திரும்பிப் பாத்தாலும் போச்சு" என்றார்.

அறிக்கையில் சங்குக்கான வரியை அவர் காலியாகவே விட்டிருந்தார். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. மேலாளர் கேட்டபோது, "அதை இன்னும் பாக்கல சார்" என்று மட்டும் சொன்னார்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு மதியம், யாருக்கும் சொல்லாமல் போனோம். தளத்தில் மிளகாய் நன்றாகச் சுண்டி, அடர்ந்த சிவப்பாகியிருந்தது. காலால் தள்ளினால் கலகலவென்று சத்தம் வந்தது. மூட்டை பிடிக்கச் சாக்குகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து பெண்கள் பாத்தி பாத்தியாகக் குனிந்து காம்பும் சண்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் காற்று எழுந்து, கம்பத்துப் பை மேற்கே நீண்டு நின்றது. வருஷத்து உழைப்பெல்லாம் தரையில் கிடக்கிற நேரம் அது. விட்டுவிட்டு ஓடச் சொல்ல அதைவிடக் கொடுமையான நேரம் இல்லை. அக்கா வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

கொம்பையாவைப் பார்த்துத் தலையசைத்தார். சங்கு ஊதியது.

தளம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. ஒரு கணம் யாரும் அசையவில்லை. அந்தக் கிழவர் பழக்கத்தில் சாய்ப்பைப் பார்த்தார். இசக்கியக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவருடைய விரல்கள் அழுந்தியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு பாண்டிச்செல்வியின் குரல் கேட்டது.

"ஏட்டி பொன்மணி, போடு சாக்க! தாத்தா, அங்கிட்டு இல்ல, கரைக்கு! பையைப் பாருங்க, பையை!"

தொட்டிலிலிருந்து பிள்ளையை உருவி எடுத்தாள். குடத்தில் முந்தானையை முக்கினாள். பாத்திகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் போகவில்லை. குறுக்கு வழியில், தன் மிளகாயின் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினாள். வத்தல் காலடியில் நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவள் பின்னால் மற்றவர்கள். கிழவரை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு போனார்கள். நீர் சொட்டும் முந்தானைகள் மூக்கில், எல்லோரும் வடக்கே, காற்றுக்குக் குறுக்கே ஓடினார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொம்பையா சங்கை நிறுத்தினார். பொன்மணி போட்ட சாக்கு சரிந்து, அதிலிருந்து வத்தல் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. அதைத் தவிர அந்தப் பெரிய தளத்தில் அசைவே இல்லை. தொட்டில் வெறுமையாகத் தொங்கியது. ஆள் இல்லாத இடத்தை நான் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். இவ்வளவு அழகான வெறுமை உலகத்தில் வேறு எங்கும் இருக்க முடியாது என்று தோன்றியது.

இசக்கியக்கா தளத்துக்குள் தனியாக நடந்து போனார். நடுவில் நின்று நான்கு பக்கமும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கன்னத்தில் வழிந்தது வேர்வையா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. மிளகாய்க் காரத்தில் எல்லோருக்கும் கண் கலங்கத்தான் செய்யும்.

ஓடைக்கரையிலிருந்து பாண்டிச்செல்வி கத்தினாள்.

"யக்கோவ்! நெசமாவா, சும்மாவா?"

"சும்மாதான்!"

"சும்மாவா? அடப் பாவி மட்ட! என் வத்தலை மிதிச்சு நொறுக்கிட்டேனே! வா, நீயே வந்து பொறுக்கு!"

அக்கா மீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். பாண்டிச்செல்வியின் பாத்தி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, நொறுங்கிய வத்தலைத் தனியே ஒதுக்க ஆரம்பித்தார். கரையிலிருந்து எல்லோரும் வசவும் சிரிப்புமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.